கரஸ்ஸில் குழந்தை வளர்ச்சி படிப்பு: நான்கு வழிகள், யாருக்கு எது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலும் அங்கன்வாடி வேலைக்கு அறிவிப்பு வந்த வாரத்திலும் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, சின்னப் பிள்ளைங்களோட வேலை செய்ற மாதிரி ஏதாவது கரஸ்ல படிக்கலாமா?"

படிக்கலாம். நானும் அப்படித் தொலைநிலையில் படித்தவள்தான். கல்யாணமாகி, முதல் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு, திண்டுக்கல் மாவட்டத்து ஊர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், குழந்தைப் பராமரிப்புப் பட்டயம் (டிப்ளமோ) முடித்தேன். ஆனால் 'எதைப் படிக்கலாம்' என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, 'படித்துவிட்டு எந்த வாசலில் போய் நிற்கப் போகிறாய்' என்பதைத்தான். வாசலுக்கு வாசல் கேட்கிற சான்றிதழ் வேறு.

இந்த வருடம் கேட்டவர்களில் மூன்று பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர் அங்கன்வாடி உதவியாளர், வயது முப்பத்து நான்கு, பிளஸ் டூ முடித்தவர். இரண்டாவது, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண், பி.ஏ. தமிழ். மூன்றாவது, இப்போதுதான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளை. அப்பா ஹாஸ்டலுக்கு அனுப்ப யோசிக்கிறார்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, வேலை வாசல். அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குப் பிளஸ் டூவும் உள்ளூர்க்காரராக இருப்பதும்தான் அடிப்படைத் தகுதி. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு. குழந்தை வளர்ச்சியில் பட்டயம் இருந்தால்தான் வேலை என்று எங்கும் இல்லை. அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் பட்டயமும் தகுதித் தேர்வும் வேண்டும். கீழே சொல்லப்போகும் படிப்புகளில் ஒன்றுகூட அதற்கு ஈடாகாது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியபோது என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களைத்தான் அங்கே மாற்றினார்கள். மழலையர் கல்வி படித்துவிட்டுக் காத்திருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. இது கசப்பான விஷயம்தான், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள் கைக்கெட்டுகிறார்களா என்பது. இது புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்து முடிக்கிற பாடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கிராமத்துக்காரர்களுக்கு நகரத்துக்காரர்களைவிட வசதி அதிகம். தெருவுக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கிறது, டீச்சர் சொந்தக்காரராகக்கூட இருப்பார்.

மூன்றாவது மொழி, நான்காவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது, ஐந்தாவது கட்டண ரசீதில் வராத செலவு. இந்தக் கடைசி மூன்றில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

## வழி 1: இக்னோ பட்டயம்

இக்னோவின் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் பிளஸ் டூ முடித்த யாருக்கும் திறந்திருக்கிறது. வயது வரம்பு இல்லை, டி.சி. கேட்டு அலைய வேண்டியதில்லை. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை.

மொத்தம் 32 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோ கணக்கு. பெருக்கிப் பாருங்கள், 960 மணி நேரம். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். மாட்டைப் பார்த்து, சமைத்து, நூறு நாள் வேலைக்கும் போகிற ஒருவருக்கு அது நடக்காது. இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒன்பது சொச்சம். ராத்திரி ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும். நான் இரண்டு வருடத்தில்தான் முடித்தேன். ஒரு வருடத்தில் முடித்துக்காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களில் பாதிப் பேருக்கு முதல் டிசம்பரிலேயே அரியர்.

டிசம்பர் என்றதும் இன்னொன்று. பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டெல்டாக்காரர்களுக்கு டிசம்பர் என்றால் மழை, தண்ணீர் வடியாத வயல், ஓடாத பஸ். அந்தப் பக்கத்துப் பெண்களிடம் கடினமான தாள்களை ஜூனுக்குத் தள்ளச் சொல்வேன்.

இந்தப் பட்டயத்தில் எனக்குப் பிடித்தது, ஊரிலேயே செய்யக்கூடிய செய்முறைப் பகுதி. பிள்ளைகளோடு உட்கார்ந்து, விளையாட்டுகளைத் திட்டமிட்டு நடத்தி, பார்த்ததை எழுத வேண்டும். நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் போய் உட்கார்ந்தேன். மூன்றரை வயசுப் பையன் ஒருவன் புளியங்கொட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தான். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று நான் நோட்டில் எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பெரிய குவியலில் குட்டிக் கொட்டைகளும் இருந்தன. என்னடா இது என்றேன். "இது அம்மா, இது அம்மாகூடப் போற பாப்பா. அது எல்லாம் ஸ்கூலுக்குப் போவுது." எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'வகைப்படுத்தல்' என்று புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் பிடிபடாதது அந்தப் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. அங்கன்வாடி டீச்சருக்கு வேறு கவலை: "மூக்குல போட்டுக்கும், பாத்துக்க."

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அதை ஒரு கையிலும் இக்னோ புத்தகத்தை இன்னொரு கையிலும் வைத்துப் படித்தால், ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொன்னது நம் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில் மொழி. நான் ஆங்கிலப் புத்தகத்தில்தான் படித்தேன். முதல் மூன்று மாதம் அகராதியோடுதான் ஓடியது. புத்தகம் எந்த மொழியில் வரும், தேர்வை எந்த மொழியில் எழுதலாம் என்பதைப் பணம் கட்டும் முன் சென்னை அல்லது மதுரை மண்டல மையத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒவ்வொரு தாளுக்கும் தனித் தேர்வுக் கட்டணம். அசைன்மென்ட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுவாக மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, அதைத் தராமல் தேர்வு எழுத முடியாது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை, சரி. ஆனால் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகரம் போவது பெரும்பாலும் புறநகர்ப் பேருந்தில். அதில் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்வு நாளில் போகிற கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன்பே ருசி பார்க்க ஒரு வழி உண்டு. இக்னோவின் பாடப் புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பாடத்தை இறக்கி, ஒரு வாரம் ராத்திரியில் படித்துப் பாருங்கள். தூக்கம் ஜெயிக்கிறதா, படிப்பு ஜெயிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே பிள்ளைகளோடு இருப்பவருக்கு. அங்கன்வாடி, பால்வாடி, கிராமத்து நர்சரிப் பள்ளி, தொண்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும் சரி. வேலையே இல்லாமல், இதைப் படித்தால் வேலை வரும் என்று நம்பிச் சேர்பவருக்கு இதை நான் சொல்வதில்லை.

## வழி 2: திறந்தநிலையில் ஒரு பட்டம்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அங்கே இருக்கும் ஆலோசகர், பாதுகாப்பு அலுவலர் போன்ற பணிகளுக்குச் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி போன்ற பாடங்களில் பட்டம் கேட்கிறார்கள். ஒப்பந்த வேலைதான், தொகுப்பூதியம்தான். ஆனாலும் பட்டம் இல்லாமல் அந்த வாசலில் நிற்கவே முடியாது, பட்டயம் போதாது.

இதற்கு இரண்டு இடங்களைப் பார்க்கலாம். 2002இல் சட்டம் இயற்றித் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல இளநிலைப் படிப்புகளைத் தமிழ் வழியில் தருகிறது. இக்னோவில் இளநிலை, முதுநிலை சமூகப்பணி இரண்டும் உண்டு, களப்பணி கட்டாயம்.

தொலைநிலைப் பட்டம் செல்லாது என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தருகிற திறந்தநிலை, இணையவழிப் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவாகவே அறிவித்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பொறி இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிக்காமல் 'நேரடியாக' வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009இலேயே அரசாணை வந்துவிட்டது. எட்டாவதோடு நின்றவர்களிடம் 'மூணே வருஷத்துல டிகிரி' என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். முதலில் பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ முடிக்கட்டும்.

மொழியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பட்டம் கேட்கும் பணிக்குப் பட்டத்தை ஆங்கில வழியில் வாங்கினால், பன்னிரண்டு வருடம் தமிழில் படித்ததும் அந்தக் கணக்கில் வராது.

மறைந்திருக்கும் இடைஞ்சல், இனிஷியல். தொலைநிலைப் பட்டத்தில் சேர இப்போது ஆதாரோடு இணைத்த கிரெடிட் வங்கி எண்ணும் (பணம் போடுகிற வங்கி இல்லை, படிப்பில் வாங்கிய கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற கணக்கு), அதைக் கொண்டு எடுக்கிற, தொலைநிலை மாணவர்களுக்கான 'டெப்' எண்ணும் வேண்டும். மார்க் ஷீட்டில் 'செல்வி மு', ஆதாரில் 'செல்வி முருகன்', கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியவர்களுக்கு 'செல்வி குமார்'. மூன்றும் மூன்று ஆள் என்று கணினி சொல்லிவிடும். ஆதாரைத் திருத்திவிட்டு வருவதற்குள் சேர்க்கையே முடிந்து, ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலிலேயே இந்த வேலையை ஆரம்பியுங்கள்.

யாருக்கு ஏற்றது: பட்டம் இல்லாதவர், அரசுத் திட்ட வேலைகளைக் குறிவைப்பவர், மூன்று வருடம் பொறுமையாக இழுக்கக் கூடியவர். பட்டம் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு இளநிலை வேண்டாம். முதுநிலை சமூகப்பணியைப் பாருங்கள்.

## வழி 3: பக்கத்து டவுனில் தனியார் 'டீச்சர் டிரெய்னிங்'

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், 'மாண்டிசோரி டீச்சர் டிரெய்னிங்' என்று ஒரு போர்டு எல்லா டவுனிலும் தொங்குகிறது. அந்த மழலையர் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நேரிலேயே பயிற்சி நடத்திய மாநிலம் இது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் இப்போதைய நிலைமை.

முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். ஆறு மாதமோ ஒரு வருடமோ போனால், பாட்டு, கதை சொல்வது, பொம்மை செய்வது, வகுப்பைக் கட்டி மேய்ப்பது எல்லாம் கைக்கு வந்துவிடும். தமிழில் சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளூர் நர்சரிப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கரஸ்ஸில் ஆறு மாதம் கழித்துத் தெரிவது இங்கே முதல் வாரமே தெரியும்: இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று.

ஆனால் அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்கு உதவாது என்பதைச் சேர்க்கும்போது யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கட்டணம் போக, 'மெட்டீரியல்' என்று ஒரு தொகை, சேலைக்கு ஒரு தொகை, கடைசியில் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு தொகை என்று கட்டிக்கொண்டே இருந்தார். பாதியில் நிற்கப் பார்த்தால், ஒரிஜினல் மார்க் ஷீட் அவர்கள் பீரோவில். அதை வாங்க இரண்டு மாதம் நடந்தார். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். நகல் போதாது என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

யாருக்கு ஏற்றது: வேலை தருவதாக ஒரு பள்ளி ஏற்கெனவே சொல்லியிருந்தால் மட்டும். போர்டைப் பார்த்துப் போகாமல், முதலில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய், எந்தச் சான்றிதழை ஏற்பீர்கள் என்று கேளுங்கள்.

## வழி 4: ரெகுலர் கல்லூரி

கரஸ் பற்றிய கட்டுரையில் ரெகுலர் எதற்கு? பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இந்த வழியை யோசிக்காமலே தள்ளிவிடுவதால்தான். கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்தில் மனித வளர்ச்சிக்குத் தனித் துறையே இருக்கிறது. சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமத்தில் மனையியல் துறை இருக்கிறது. கிராமத்துக்காகவே 1956இல் தொடங்கிய நிறுவனம் அது.

'கரஸ் என்றால் செலவு கம்மி' என்பது எல்லா நேரமும் சரியில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொலைநிலையில் படித்தால் அது கிடையாது. மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய். கரஸ் கட்டணத்தோடு இதையும் கூட்டிப் பாருங்கள். அரசு மாணவியர் விடுதி கிடைத்தால் கணக்கு இன்னும் மாறும்.

யாருக்கு ஏற்றது: பள்ளியை இப்போதுதான் முடித்து, வீட்டில் வேறு பொறுப்பு இல்லாதவருக்கு. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் போன்ற பணிகளுக்கான தேர்வாணைய அறிவிப்புகளில் மனையியல், ஊட்டச்சத்து போன்ற பாடங்களில் பட்டம் கேட்பது வழக்கம். அந்தக் கனவு இருந்தால் இதுதான் நேர் வழி.

## ஒரே பார்வையில்

| | இக்னோ பட்டயம் | திறந்தநிலைப் பட்டம் | தனியார் டிரெய்னிங் | ரெகுலர் |
|---|---|---|---|---|
| காலம் | 1 வருடம் என்பார்கள்; 2 என்று வைத்துக்கொள்ளுங்கள் | குறைந்தது 3 வருடம் | 6 மாதம் முதல் 1 வருடம் | 3 வருடம் |
| திறக்கும் வாசல் | தனியார் மழலையர் பள்ளி, தொண்டு நிறுவனம் | பட்டம் கேட்கும் திட்டப் பணிகள் | சில உள்ளூர் நர்சரிகள் | திட்டப் பணி, தேர்வாணையப் பணி, மேற்படிப்பு |
| பிள்ளைகளோடு பயிற்சி | உண்டு, ஊரிலேயே செய்யலாம் | சமூகப்பணியில் களப்பணி, மற்றவற்றில் குறைவு | உண்டு, தரம் இடத்தைப் பொறுத்தது | உண்டு, மேற்பார்வையோடு |
| மொழி | முன்பே கேட்க வேண்டும் | தமிழ் வழி வாய்ப்பு அதிகம் | தமிழ் | பெரும்பாலும் ஆங்கிலம் |
| சொல்லாத செலவு | தேர்வுக் கட்டணம், பஸ், போன கூலி | பெயர்த் திருத்தம், இழக்கும் உதவித்தொகை | அடுக்கடுக்கான வசூல் | விடுதி, பயணம் |

மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தின் இலவசப் படிப்புகளை அட்டவணையில் சேர்க்கவில்லை. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். மேலே உள்ள எதற்கும் அது மாற்று ஆகாது, துணையாக வைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல் என்கிற ஊர்களில் அதுவும் சிரமம்.

## வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்ய விரும்பினால்

ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிப் படிக்க இத்தனை வழி இருக்கிறது. பதினாலு, பதினைந்து வயசுக்காரர்களைப் பற்றிக் கரஸ்ஸில் படிக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இளைஞர் மேம்பாட்டுக்கென்றே 1993இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் அங்கே போய்த் தங்கிப் படிக்க வேண்டும்.

ஊரில் இளைஞர் மன்றம் நடத்துகிற தம்பி ஒருவர் இதைக் கேட்டபோது, பட்டயத்தை விட்டுவிட்டு இளநிலை சமூகப்பணியில் சேரச் சொன்னேன். ஒன்பதாவதில் நிற்கும் பிள்ளை, பதினேழு வயசில் நிச்சயம் பண்ணும் கல்யாணம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் போன் செய்வது என்கிற தயக்கம், இதெல்லாம்தான் நம் ஊரில் இளைஞர் வளர்ச்சி. அவை சமூகப்பணிப் பாடத்தோடுதான் ஒட்டும். ஊராட்சிக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒரு முறை போய் உட்கார்ந்து பார்க்கவும் சொன்னேன். கூட்டமே நடக்கவில்லை என்றால், களப்பணிக்கு அதுவே முதல் தலைப்பு.

## அந்த மூன்று பேர்

உதவியாளர் அக்காவுக்கு உண்மையில் பட்டயம் தேவைப்படவே இல்லை. பணியாளர் பணியிடங்களில் பாதியை, ஐந்து வருட அனுபவமும் தகுதியும் உள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்ப மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அவருக்குப் பிளஸ் டூ இருக்கிறது, ஏழு வருட சர்வீஸ் இருக்கிறது. வட்டார அலுவலகத்தில் மூப்புப் பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்தார், பிறந்த தேதி தப்பாக இருந்தது. "இருந்தாலும் படிக்கணும்னு ஆசையா இருக்குடி" என்றார். சரி என்று ஜனவரிச் சேர்க்கைக்கு இக்னோவில் பதிவு செய்து கொடுத்தேன், இரண்டு வருடத் திட்டமாக.

இல்லம் தேடிக் கல்விப் பெண் முதுநிலை சமூகப்பணிக்குப் போகிறார். டவுனில் ஒரு நர்சரிப் பள்ளி ஏற்கெனவே கூப்பிட்டதால், தனியார் டிரெய்னிங்கும் சேரலாமா என்று கேட்டார். பள்ளியில் விசாரித்தால், அவர்களுக்கு அந்தச் சான்றிதழே வேண்டாமாம், டிகிரி போதுமாம். ஒரு செலவு மிச்சம்.

பதினெட்டு வயசுப் பிள்ளையின் அப்பாவிடம் அந்த 36,000 ரூபாய்க் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை காந்திகிராமத்துக்குப் போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.